மூணாவது வாளி

எனக்கு உக்காந்து பேச வராது, மேடம். நின்னுக்கிட்டே சொல்றேனே. காலம் பூரா நின்னு பார்த்த வேலை, நாற்காலியில உக்காந்தா கால் தானா ஆட ஆரம்பிச்சிடும், அப்புறம் நீங்க என் பேச்சை விட்டுட்டு என் காலைத்தான் பார்ப்பீங்க. அந்த ஜன்னல் வரைக்கும் நடந்து நடந்து வரேன், உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா. டீ வேண்டாம், வரும்போதே குடிச்சிட்டேன்.

பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கானே, அவன் என் தம்பி. பொண்டாட்டியை அவனே குட்டையில தள்ளிக் கொன்னதா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கானாம். அது பொய். அந்த நேரத்துல அவன் அங்கேயே இல்ல, பம்புக்கு வாஷர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க, வழக்கம்போல தப்பான அளவு வாங்கிட்டுப் போய் மறுபடி மாத்த வந்திருப்பான். காலையில அவளைப் பார்த்து 'எங்கேயாவது போய்ச் சாவு'ன்னு கத்தினான். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எல்லாரும் கேட்டாங்க. சாயங்காலம் அவ செத்துக் கிடந்தா. அதனால அவன் கணக்குல அவன்தான் கொன்னான். சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். பூனை தட்டிவிட்டு டம்ளர் உடைஞ்சாலும் இவன் வந்து கையை நீட்டிக்கிட்டு நிப்பான், அடி வாங்கிக்கிறதுக்கு. ஒரு குத்தத்தை ஒழுங்கா ஒத்துக்கக்கூட அவனுக்கு விவரம் பத்தாது. நடந்தது எனக்குத் தெரியும், அதான் வந்தேன்.

முதல்ல என் வேலையைச் சொல்லிடறேன், இல்லேன்னா மத்தது எதுவும் புரியாது. தக்காளி விளைவிக்கிற ஒரு கம்பெனியில இருக்கேன். பெரிய பெரிய பசுமைக்குடில். மண்ணே கிடையாது. தேங்காய் நார்த் தூள் நிரப்பின பையில செடி நிக்கும், அதுக்கு வேண்டிய சத்தெல்லாம் தண்ணியில கரைஞ்சு சொட்டுச் சொட்டாப் போய்ச் சேரும். அந்தத் தண்ணியைக் கலக்குறது நான். கெமிஸ்ட்ரி படிச்சிட்டு நேரா அங்கே போய்ச் சேர்ந்தவ. என் பேரு அங்கே யாருக்கும் தெரியாது, கலவையக்கான்னு கேட்டா எல்லாரும் கை காட்டுவாங்க.

ரெண்டு பெரிய டேங்க் உண்டு. ஒண்ணுல கால்சியம் நைட்ரேட். இன்னொண்ணுல பாஸ்பேட்டும் சல்பேட்டும். கெட்டியா இருக்கும்போது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது. தொட்டா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா அடியில உறைஞ்சு போகும். செடிக்கு ஒண்ணும் கிடைக்காது, சொட்டுக் குழாயெல்லாம் அடைச்சுக்கும், அப்புறம் நாள் பூரா குண்டூசி வெச்சுக் குத்திக்கிட்டு உக்காந்திருக்கணும். நிறையத் தண்ணி சேர்த்தப்புறம்தான் ரெண்டையும் சேர விடணும். மூணாவதா ஒரு சின்ன வாளி. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, மாலிப்டினம், போரான். எல்லாம் சிட்டிகை சிட்டிகையா. புதுசா வேலைக்கு வர்றவங்க அதைப் பார்த்துச் சிரிப்பாங்க, மூட்டை மூட்டையா உரம் கொட்டுற இடத்துல இந்தச் சிட்டிகை என்னத்தைக் கிழிக்கப் போகுதுன்னு. செடி அப்படி நினைக்காது. மத்ததெல்லாம் வண்டி வண்டியா இருந்தாலும் சரி, எது குறையுதோ அதோட அளவுக்குத்தான் அது வளரும்.

அம்மா போனப்போ தம்பிக்குப் பால் பல்லுகூட விழலை. அப்பா இருந்தார், இருந்தும் இல்லாத மாதிரி. நான்தான் அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, அடிச்சு, படிக்க வெச்சேன். கல்யாணம் பண்ணிக்கலை. என்னை யாரும் வேண்டாம்னு சொல்லலை, கேட்டு வந்தவங்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். தியாகம்னு எழுதிடாதீங்க, அந்த வார்த்தையே எனக்கு ஆகாது. அவன் வீட்டுல இருந்தா எனக்குப் போதும். காலையில ரேடியோவை அலற விட்டுட்டு ஷேவ் பண்ணுவான். பாதி மூஞ்சி நுரையோட வந்து 'அக்கா, என் சட்டை எங்கே'ம்பான். சட்டை அவன் தோள்மேலேயே கிடக்கும்.

எங்க கம்பெனியிலயே அவனைப் பம்பு மெக்கானிக்கா சேர்த்துவிட்டேன். என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு நினைச்சேன். அங்கேதான் அவளைப் பார்த்தான். பேக்கிங்ல வேலை பார்த்தா. பெட்டி ஒட்டுற டேப்பை அவ இழுக்கிற வேகத்துக்கு 'சரசர'ன்னு பட்டப்பேரு வெச்சிருந்தாங்க. நல்ல பொண்ணு மேடம், அவளைப் பத்தித் தப்பா பேச நான் வரலை. கல்யாணமாகி வீட்டுக்கு வந்த மறுநாளே என் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிட்டா. 'நீங்க உக்காருங்க அண்ணி'ன்னா. எனக்கு எங்கே உக்காரத் தெரியும்? அவ கூட்டின இடத்தையே நான் மறுபடி கூட்டுவேன். பார்த்துட்டுச் சிரிப்பா, ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. கோவிச்சுக்கிட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் வசதியா இருந்திருக்கும்.

கொஞ்ச நாள்லயே ரெண்டு பேரும் கம்பெனி வேலையை விட்டுட்டு, ஊருக்கு வெளியில ஒரு சின்னக் குடிலைக் குத்தகைக்கு எடுத்தாங்க. தக்காளிதான். செடியும் பம்பும் அவன் பொறுப்பு, தண்ணி விடறது அவ பொறுப்பு, கலவை என் பொறுப்பு. வீட்டுக்குப் பின்னால ஷெட்ல கலந்து வெப்பேன், ஞாயித்துக்கிழமை காலையில மூணு வாளியையும் ஸ்கூட்டர்ல கட்டி எடுத்துட்டுப் போவான். 'எனக்கும் கத்துக் குடுங்க அண்ணி, உங்களுக்கு ஒரு வேலை குறையும்'னு அவ ரெண்டு மூணு தடவை கேட்டா. 'இதெல்லாம் தராசுக் கை வேணும்மா, உனக்கு வராது'ன்னுட்டேன்.

ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன், தம்பி சமையல் மேடையில சாஞ்சு நின்னுக்கிட்டு இழுத்து இழுத்துப் பேசினான். 'அக்கா, முதல் விளைச்சல் நல்லா வந்துட்டா குடிலை ஒட்டியே ரூம் போட்டுக்கலாம்னு இருக்கோம். தினம் போய்ட்டு வர்றது ரொம்ப அலைச்சலா இருக்கு. நீயும் அப்பப்போ வந்து இருந்துட்டுப் போலாம்.' வந்து இருந்துட்டுப் போலாமாம். விருந்தாளிக்குச் சொல்ற மாதிரி. 'அதுக்கென்னடா, முதல்ல நல்லா வரட்டும்'னேன். அவன் போனப்புறம் பார்த்தா, கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு நிக்கிறேன்.

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இந்த இருப்புக் கொள்ளாம தவிக்கிறது. வீட்டுக்குள்ள இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடப்பேன். எதையோ எடுக்கப் போவேன், எதுக்குப் போனேன்னு தெரியாம திரும்பி வருவேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், வந்த பஸ்ஸை விட்டுட்டு, வீட்டுக்கே வந்துடுவேன். அவங்க இன்னும் என் வீட்டுலதான் இருந்தாங்க, நான் அதுக்குள்ளேயே ஆளில்லாத வீட்டைப் பார்க்க ஆரம்பிச்சிட்டேன். அவன் சட்டை மாட்டுற ஆணி வெறும் ஆணியா நிக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சுது.

அடுத்த ஞாயித்துக்கிழமை மூணாவது வாளியில போரான் போடலை.

அவ்வளவுதான் செஞ்சேன். நான் விஷம் எதையும் கலக்கலை மேடம், இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதிக்குங்க. ஒரு சிட்டிகையைப் போடாம விட்டேன். ஒரு விளைச்சல் பொய்ச்சா ரூம் பேச்சு அடிபட்டுப் போகும், ரெண்டு பேரும் இங்கேயே இருப்பாங்க, நானும் கம்பெனியில சொல்லி பழைய வேலையை வாங்கிக் குடுத்துடுவேன். எல்லாருக்கும் நல்லதுன்னுதான் நினைச்சேன். அந்தப் போரானைக்கூட நான் வீணாக்கலை. வாரா வாரம் எடை போட்டு, பொட்டலம் கட்டி, சமையலறை மேல் தட்டுல ஒரு டப்பாவுல வெச்சிருக்கேன். அவன் பொருள், அதுல கை வைக்கிற ஆள் நான் இல்ல. ஆள் அனுப்பி எடுத்துக்குங்க.

ஏன் போரான்னு கேப்பீங்க. இரும்பை விட்டிருந்தா புது இலை வெளுத்துப் போகும், யார் பார்த்தாலும் தெரிஞ்சிடும். நைட்ரஜன் குறைஞ்சா செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் குடுத்துடும். பழசு மஞ்சளாகிக் கொட்டிப் போகும், குருத்து பிழைச்சுக்கும். எனக்கு நைட்ரஜன் மேல எப்பவுமே ஒரு மரியாதை உண்டு. போரான் தக்காளியில அப்படி நகராது, போன இலையிலேயே உக்காந்துக்கும். அதனால கீழே எல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கும், உச்சியில குருத்து கருகும், பூ வரும், வந்து கொட்டிப் போகும். பார்க்கிறவங்க கால்சியம் பத்தலைம்பாங்க, வெயில்ம்பாங்க, தண்ணி சரியில்லைம்பாங்க. கிணத்துத் தண்ணியா இருந்தா அதுலயே கொஞ்சம் போரான் இருந்திருக்கும். அவங்க பாய்ச்சினது குட்டையில பிடிச்ச மழைத்தண்ணி, அதுல ஒண்ணும் கிடையாது.

தம்பி ஒரு கிளையைக் கொண்டுவந்து காட்டினான். இலையை மடிச்சான், பிஸ்கட் மாதிரி படக்குன்னு உடைஞ்சுது. 'என்னக்கா இது?' கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'தண்ணி ஒழுங்கா விடறாளா?'ன்னு கேட்டேன். அந்த ஒரு கேள்விதான் மேடம், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலை. அவ பக்கத்துலதான் நின்னா. 'விடறேனே'ன்னா, சின்னக் குரல்ல.

நான் நினைச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. செடி நோஞ்சானாக நோஞ்சானாக அவங்க ரெண்டு பேரும் அங்கேயே கிடக்க ஆரம்பிச்சாங்க. பாயைச் சுருட்டிக்கிட்டுப் போனாங்க, ஸ்டவ்வைத் தூக்கிட்டுப் போனாங்க, தம்பியோட பழைய கேரம் போர்டுகூடப் போச்சு. ஒரு நாள் சாயங்காலம் சொல்லாம கொள்ளாம நான் போய் நின்னேன். ரெண்டு தலையும் போர்டு மேல குனிஞ்சிருக்கு. 'கை நகர்ந்துச்சு, நான் பார்த்தேன், மரியாதையா காயை எடுத்து வை'ன்னு அவ சண்டை போடறா. 'ஏய், திருட்டுப் பட்டம் கட்டாதே'ன்னு இவன் கத்தறான். அவன் அப்படிச் சிரிச்சு நான் எத்தனையோ நாளாச்சு பார்த்து. ஒரு பூ நிக்காத குடில்ல உக்காந்துக்கிட்டுச் சிரிக்கிறாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. உள்ளே போகலை. பஸ்ஸுக்கு நிக்கவும் முடியலை, நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இந்த ஜன்னலைத் திறக்கலாமா? காத்தே இல்ல. சரி, சரி, வேண்டாம்னா விடுங்க.

அப்புறம் ஒரு நாள் அவ கம்பெனிக்கே ஓடி வந்தா, என் கலவை அறைக்கு. மூச்சு வாங்குது. 'அண்ணி, ஒரு வரிசை பூத்திருக்கு. பூ நிக்குது. பிஞ்சுகூடப் பிடிச்சிருக்கு.' 'எந்த வரிசை?'ன்னேன். 'கேரம் போர்டுக்குப் பக்கத்து வரிசை. ஆடி முடிச்சதும் போர்டைத் துடைச்சு பவுடரை அங்கேதான் தட்டுவேன். அந்தப் பவுடர் ஏதாவது செஞ்சிருக்குமா அண்ணி? நான் லூசு மாதிரி உளர்றேனா?'

காய் வழுக்கிக்கிட்டுப் போறதுக்கு கேரம் போர்டுல தூவுற பவுடர் போரிக் ஆசிட்தான் மேடம். நான் வாளியில போடாம விட்டது, அவ விளையாடித் தட்டின தூள்ல போய்ச் சேர்ந்திருக்கு. அவ அதை முதல்ல புருஷன்கிட்ட சொல்லலை, என்கிட்ட சொல்ல ஓடி வந்திருக்கா, நான் சந்தோஷப்படுவேன்னு. என் கை பாட்டுக்குத் தராசுல எடை போட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

போரானுக்கு ஒரு குணம் உண்டு. பத்தாததுக்கும் அதிகத்துக்கும் நடுவுல இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். மத்த சத்துல கை கொஞ்சம் தாராளமா விழுந்தாலும் செடி பொறுத்துக்கும், இதுல பொறுக்காது. இலை ஓரமெல்லாம் நெருப்புல வாட்டின மாதிரி தீஞ்சு போகும். அவகிட்ட அதைச் சொல்லியிருக்கலாம்.

'நீ லூசு இல்லடி, கெட்டிக்காரி'ன்னேன். 'எல்லா வரிசைக்கும் போடு. செடிக்கு ஒரு கைப்பிடி. தம்பிகிட்ட இப்பச் சொல்லாதே, பூத்தப்புறம் கூட்டிட்டுப் போய்க் காட்டு, அசந்துடுவான்.' அவ என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. 'அண்ணி, இது மட்டும் நல்லா வரட்டும். உங்களுக்கும் அங்கேயே ஒரு ரூம்னு அவர்கிட்ட முதல்லேருந்தே சொல்லிக்கிட்டிருக்கேன். அவர்தான், அக்கா இந்த வீட்டை விட்டு வர மாட்டாங்கன்னு சொல்றார். வருவீங்கதானே?' நான் கேட்டுக்கிட்டேன். வரேன்னு தலையைக்கூட ஆட்டினேன். ஆனா கைப்பிடின்னு சொன்னதை மாத்தலை. ஒரு தடவை அளவு சொல்லிட்டா அதை மாத்துற பழக்கம் எனக்குக் கிடையாது.

கடையில இருந்த பவுடர் டப்பா எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போனாளாம். அந்த வாரமே செடி தீய ஆரம்பிச்சுது. பூத்திருந்த அந்த ஒரு வரிசைதான் முதல்ல போச்சு. கடைசியில எல்லாமே கருகி நின்னப்போ, காலி டப்பாவெல்லாம் தம்பி கண்ணுல பட்டுடுச்சு. நானும் அங்கே இருந்தேன். 'யாரைக் கேட்டுடி இதைக் கொட்டினே?'ன்னு கத்தினான். அவ என்னைப் பார்த்தா. என் பேரைச் சொல்லலை. ஏன் சொல்லலைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. சொல்லியிருந்தா நான் இல்லைன்னு சாதிச்சிருப்பேன், அவன் என்னைத்தான் நம்பியிருப்பான், அது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னவோ. 'விடுடா, தெரியாம செஞ்சுட்டா'ன்னு நான் சமாதானம் சொன்னேன். அதுல அவனுக்கு இன்னும் ஏறிடுச்சு. அதுக்கப்புறம் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவே இல்ல. தினமும் ஒரு வேளையாவது திட்டுவான்.

முந்தாநாள் காலையில திட்டினதுதான் கடைசி. பம்பையாவது கழட்டி வித்துடலாம், அதுக்கு முன்னாடி வாஷரை மாத்தணும்னு கிளம்பிப் போனான். அது தெரியாம நான் மத்தியானம் போனேன். அவன் தனியா சாமான் கட்டிக்கிட்டிருப்பான், கூடமாட உதவி பண்ணி, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்னு போனேன். அவன் ஆளையே காணோம். அவ குட்டைக் கரையில நின்னு, உறிஞ்சுற குழாயைத் தண்ணியிலிருந்து எடுக்கப் பார்த்துக்கிட்டிருந்தா.

பேக்கிங்ல இருந்த சிநேகிதியைப் பிடிச்சு, இலையைக் கம்பெனி லேபுல குடுத்திருக்கா. முன்னாடி பறிச்சுப் பாடம் பண்ணி வெச்ச இலை ஒண்ணு, இப்பக் கருகினது ஒண்ணு. அதுல போரான் இல்லவே இல்ல, இதுல அளவுக்கு மேல. 'முதல்ல இல்லாம போனதும் உங்களாலதான், அப்புறம் நான் கொட்டினதும் நீங்க சொல்லித்தான். ஏன் அண்ணி?'ன்னு கேட்டா. சண்டைக்கு வர்ற குரல் இல்ல, அழுது முடிச்ச குரல். 'நான் அவர்கிட்ட இன்னும் சொல்லலை. நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் அவர் தாங்குவார். நானும் பக்கத்துல நிக்கிறேன்'ன்னா. சொல்லிட்டுக் குழாயைத் தூக்கத் திரும்பினா.

அந்தக் குட்டை கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சது, நாலு பக்கமும் சரிவு. செடியில வடியுற உரத்தண்ணியும் அதுலதான் போய் விழும். நைட்ரேட் சேர்ந்த தண்ணியில பாசி சும்மா இருக்குமா? சரிவு பூரா வழவழன்னு கிடந்துச்சு. ஒரு கால்தான் வெச்சா. நான் அவளைத் தொடக்கூட இல்ல மேடம், எட்டி நின்னுக்கிட்டிருந்தேன். நீச்சல் தெரிஞ்சவங்களாலயே அந்தச் சரிவுல ஏற முடியாது, அதுக்குன்னே கரையில கயிறு கட்டிப் போட்டிருப்பாங்க. நான் ஓடிப் போய்க் கயித்தை எடுத்துட்டேன். என் கையிலதான் இருந்துச்சு. அப்புறம் எல்லாம் அடங்கினதும் அதைச் சுருட்டி, இருந்த இடத்துலயே மாட்டிட்டு, பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்து ரெண்டு பேருக்கு சோறு வடிச்சேன்.

எழுதிட்டீங்களா? அப்போ அவனை விட்டுடுங்க. அவன் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டான், கொஞ்சம் கேளுங்க.

ஏன் கயித்தைப் போடலைன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். முதல்ல 'அண்ணி, அண்ணி'ன்னு என்னைத்தான் கூப்பிட்டா. நான் சுருளைப் பிரிச்சு, நுனியைப் பிடிச்சு, வீசறதுக்குக் கையை ஓங்கிட்டேன். அப்பத்தான் அவ அவன் பேரைச் சொல்லிக் கத்த ஆரம்பிச்சா. அவன் அங்கே இல்லைன்னு அவளுக்கே தெரியும். நான்தான் இருந்தேன், அவ கண்ணு முன்னாடி, கையில கயித்தோட. அப்பவும் அவனையேதான் கூப்பிட்டா. நானும் நின்னு பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருந்தா போட்டிருப்பேன், மேடம். நிச்சயமா போட்டிருப்பேன்.